புதன்கிழமை அடித்த பால்மணி

நான் வேலையிலிருந்து நின்று எட்டு மாதமாகிறது. எனக்குப் பிறகு எங்கள் தோட்டத்துப் பிள்ளைமடுவத்துக்கு ஆயாவாக வந்திருக்கும் கமலா போன வாரம் நான் இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தாள். பிள்ளைமடுவம் என்பது, தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருக்கிற நேரத்தில் அவர்களுடைய கைப்பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இடம். பதினேழு வருஷம் அதைப் பார்த்தவள் நான். கமலா வந்தவள் உட்காரவில்லை. முன்திண்ணையான இஸ்தோப்பில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, ரெண்டு விஷயம் கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவிச்சுக்கிற மாதிரி இருந்தா கோவிச்சுக்குவேன். கேளு.”

“தூங்குற புள்ளைக உள்ளங்கால்ல சுண்டிச் சுண்டி அழ வைப்பீங்களாமே? வியாழக்கெழமையானா ஒரு புள்ளயக்கூட விட மாட்டீங்கன்னு சொல்றாங்க.”

“ரெண்டாவது?”

அவள் குரலை இறக்கினாள். “புதன்கெழமை பூட்டுன மடுவத்துக்குள்ள புள்ளைக அழுற சத்தம் கேக்குமாமே. நெசமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இத்தன நாளா இல்லாம இப்ப என்னடி பேய்ப் பயம்?”

“அடுத்த வாரத்துல இருந்து வேல நாளக் கொறைக்கப் போறாங்க அக்கா. புதன்கெழம வேல இல்லையாம். மடுவத்தப் பூட்டிச் சாவிய ஆபீஸ்ல குடுக்கச் சொல்லிட்டாங்க.”

என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவளை உட்கார வைத்து அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கமலா மாதிரி மற்றத் தோட்டங்களில் இருக்கிற ஆயாமாருக்கும் இது தெரிய வேண்டும்.

இலங்கை சுதந்திரம் அடைந்த வருஷம் நான் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மடுவத்துக்கு வந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்திருந்தேன். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அதனால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று வாரம் தோட்டத்து மருந்துச் சாலையில் பழக்கினார்கள். நானுஓயா ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல் மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். பனி இறங்கினால் பகல் பன்னிரண்டு மணிக்கும் எதிரில் வருகிறவர் முகம் தெரியாது. ஓடைக்கு இந்தப் பக்கம் மடுவமும் அதை ஒட்டி எனக்கு ஒரு சின்னக் காம்பராவும். அந்தப் பக்கம் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், மேட்டு லயமும் பணிய லயமும்.

மடுவத்தின் ஒழுங்கு இதுதான். காலையில் தாய் பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்ததும் உடுப்பைக் கழற்றி, தலை, காது, கக்கம், தொடையிடுக்கு எல்லாம் பார்க்க வேண்டும். வெந்நீரில் துடைத்து மடுவத்துச் சட்டையைப் போட வேண்டும். உத்தரத்தில் வரிசையாகக் கயிறு கட்டித் துணித் தொட்டில்கள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். ஒரு பிள்ளை தொட்டிலில் இன்னொன்றைப் போடக் கூடாது, சொறி ஒட்டும். பத்து மணிக்கு வாசலில் தொங்குகிற தண்டவாளத் துண்டில் அஞ்சு அடி அடிப்பேன். அதுதான் பால்மணி. அந்தச் சத்தம் கேட்டதும் மலையில் இருக்கிற தாய்மார் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவார்கள். வருகிறபோதே மார் நனைந்திருக்கும். “மணிய அடிச்சு எங்கள மாடாக்கிட்டீங்க அக்கா” என்று கேலி பண்ணிக்கொண்டே பிள்ளையை எடுப்பார்கள். பிறகு நான் ரிஜிஸ்தரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நேராகக் குறிப்பு எழுத வேண்டும்: பால் குடித்ததா, வெளிக்குப் போனதா, அழுததா.

அந்த ரிஜிஸ்தரை வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கிறவர் மருந்தையா. மருந்துச் சாலைக்குப் பொறுப்பானவர், யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு மேலதிகாரி. எப்போதும் வெள்ளைக் கோட்டும் கறுப்புக் குடையுமாகத்தான் வருவார். மருந்துப் போத்தலை மூன்று முறை கழுவாமல் யாருக்கும் ஊற்ற மாட்டார். கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் அளவுக் கிண்ணத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டே நிற்பார். ரிஜிஸ்தரில் வரிக்கு வரி பென்சிலை வைத்து இறங்குவார். ஒருமுறை நான் எல்லாப் பிள்ளைக்கும் ‘நல்லம்’ என்று எழுதி வைத்திருந்தேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“நல்லம் எண்டால் என்ன, ராமாயி? நல்லத்தை நீர் கண்ணாலை கண்டனீரோ? கண்டதை எழுதும். காணாததை எழுதாதையும்.”

கோபமே படாமல் சொல்லுவார். அதுதான் இன்னும் உறைக்கும்.

இப்படிச் சில வருஷம் போனது. பிறகு, தேயிலைக்கு வெளிநாட்டில் விலை விழுந்துவிட்டது என்றார்கள். ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற இடத்தில், துரையே வந்து நின்று சொன்னார்: இனிமேல் புதனும் சனியும் வேலை இல்லை, அன்றைக்கு மடுவமும் பூட்டு. சிலர் கை தட்டினார்கள். ஆமாம், தட்டினார்கள்! நானும்தான் தட்டினேன். வாரத்தில் ஆறு நாள் கொழுந்து மட்டம் பார்க்கிற குச்சியும் கூடையுமாக மழையில் நின்றவர்களுக்கு நடு வாரத்தில் ஒரு லீவு என்றால் சும்மாவா? முதல் புதன்கிழமை லயத்தில் திருவிழா மாதிரி இருந்தது. பெண்கள் வெயிலில் உட்கார்ந்து ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்தார்கள்.

மூன்றாவது வாரத்தில் சிரிப்பு அடங்கியது. எங்கள் பேச்சில் ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்போம். பேர் குறைந்தால் அடுப்பில் உலை குறையும், வேறென்ன? வைகாசியில் வைத்திருந்த இரண்டு கல்யாணம் தள்ளிப்போனது. நானுஓயாக் கடைவீதியில் துணிக்கடைக்காரர் மத்தியானத்திலேயே பலகையைப் போட்டு மூடிவிட்டுப் போனார். ஆண்கள் ஓடைக்கரையில் சீட்டு விளையாடினார்கள். சீட்டில் தொடங்கினது சனிக்கிழமை பொழுது சாயும்போது மண்டை உடைவதில் முடிந்தது. மலையில் கொழுந்துக்கு மட்டும் லீவு ஏது? அது பாட்டுக்கு முற்றிக்கொண்டே இருந்தது. புதன்கிழமை பறிக்க வேண்டியதையும் சேர்த்து வியாழக்கிழமை பறிக்கச் சொன்னார்கள். கொடுக்கிற பேர் நாலு, வாங்குகிற கொழுந்து ஆறு நாளைக்கு உள்ளது. துரைக்கு அதில் சந்தோஷம்தான்.

பிறகு ஓடைக்கரைச் சீட்டுச் சத்தமும் நின்றது. புதன்கிழமைகளில் லயத்துப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வராது. சாப்பாடு குறைந்துபோனதால் எல்லோரும் சுருண்டு படுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நான் இருந்தது ஓடைக்கு இந்தப் பக்கம். போய்ப் பார்த்தால் என்ன? போகவில்லை. எனக்கும் அது லீவு நாள்தானே.

அந்த மாதத்தில்தான் வியாழக்கிழமைப் பிள்ளைகளைக் கவனித்தேன்.

வியாழக்கிழமை காலையில் கொண்டுவந்து கொடுக்கிற பிள்ளை அழாது. உடுப்பைக் கழற்றினால் அழாது. ஈரத் துணியால் துடைத்தால்கூட முகம் சுளிக்காது. விரலைப் பிரித்து விட்டால் பிரிந்தபடியே இருக்கும். தொட்டிலில் போட்டதும் தூங்கிவிடும். பதினாலு கைப்பிள்ளைகள், பதினாலு தொட்டில். கயிறு உத்தரத்தில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். பால்மணி அடித்தால் தாய்மார் ஓடி வருவார்கள், கேலி பேச மாட்டார்கள். மாரில் வைத்தால் பிள்ளையின் வாய் லேசாக அசையும், இழுக்காது. தாய் கன்னத்தைத் தட்டித் தட்டிக் குடிக்க வைப்பாள். என் முகத்தை ஒருத்தியும் பார்க்க மாட்டாள். வெள்ளிக்கிழமை வந்தால் பழையபடி அழுகையும் கத்தலுமாக மடுவம் இரண்டுபடும். திங்கள், செவ்வாயும் அப்படியே. வியாழன் மட்டும் இப்படி.

பணிய லயத்துச் செவனம்மாவிடம் கேட்டேன். இருபத்திரண்டு வயசுப் பெண். அவளுடைய ஏழு மாதப் பிள்ளை பூவாயி, ஒன்பதாம் நம்பர் தொட்டில். மற்ற நாளில் மடுவத்திலேயே பெரிய வாயாடி அந்தப் பிள்ளைதான்.

“என்னடி, வியாழக்கெழமையானா ஒம் மகளுக்கு வாயக் கட்டிப்புடுறியா?”

அவள் தரையைப் பார்த்தாள். “முனி பார்வையா இருக்கும் அக்கா. வேல இல்லாத நாள்ல லயத்தச் சுத்தி வருதுன்னு பூசாரி சொல்றாரு.”

நம்பினேனே! விபூதி வாங்கிப் பதினாலு நெற்றியிலும் பூசினேன். உச்சி வேளையில் பனி வாசல் வரை வந்து நிற்கும்போது அந்த நிசப்தத்தில் எனக்கே முதுகு சில்லிட்டுவிடும். யாரோ தொட்டில்களுக்கு நடுவில் வாயில் விரலை வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பயத்தோடு ஒரு பெருமையும் இருந்தது. பிள்ளை அழாத மடுவம் எந்தத் தோட்டத்தில் இருக்கிறது? ரிஜிஸ்தரில் பதினாலு பேருக்கும் நேராக ‘நல்ல அமைதி’ என்று எழுதினேன். மருந்தையா அதன் மேல் பென்சிலை வைத்தார், ஒரு கணம் நின்றார், அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

ஒரு வியாழக்கிழமை துரை மடுவத்துக்குள் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசை முழுக்க நடந்து பார்த்தார்.

“நல்லது ஆயா. சத்தம் இல்லே. ரெண்டு நாள் அம்மா வீட்டில் இருக்கு, பிள்ளை சந்தோஷம். சரிதானே?”

“ஆமாங்க தொரை.”

கம்பெனிக்கு எழுதப் போகிறேன் என்றார். வேலை நாளைக் குறைத்ததால் தாய்மாருக்கு ஓய்வு, பிள்ளைகளுக்குச் சுகம், மடுவத்து ரிஜிஸ்தரே சாட்சி என்று கிளார்க்கர் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தார். கீழே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடும் இழுத்தேன், அழகாக இருக்கட்டும் என்று. தூ, என்ன கை அது!

அதற்கு அடுத்த புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

வேலை இல்லாத நாள். தொட்டில் துணிகளைத் துவைத்து மடுவத்துக்குள் கொடி கட்டிக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே கடும் பனி. பழகின கை சும்மா இருக்குமா? மணி பத்தாகிறது என்று மனசுக்குத் தெரிந்ததும் வாசலுக்குப் போனேன், சுத்தியலை எடுத்தேன், அஞ்சு அடி அடித்துவிட்டேன். அடித்து முடித்த பிறகுதான் இன்று புதன் என்று உறைத்தது. ‘அட கிறுக்குப் பிடிச்சவளே’ என்று தலையில் தட்டிக்கொண்டேன். இப்போது பார், இரண்டு லயத்துப் பெண்களும் இஸ்தோப்புக்கு வந்து நின்று கைகொட்டிச் சிரிக்கப் போகிறார்கள், ஒரு வாரத்துக்குக் கேலி ஓயாது என்று நினைத்து, வெட்கத்தோடு ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒரு கதவு திறக்கவில்லை. ஒரு பிள்ளை திடுக்கிட்டு அழவில்லை. மணியின் ரீங்காரம் அடங்குகிற வரைக்கும் காத்திருந்தேன். பனி கொஞ்சம் விலகினது. லயத்துக் கூரைகளில் ஒன்றிலும் புகை இல்லை.

இருபத்துநாலு காம்பரா, எல்லா வீட்டிலும் தாயும் பிள்ளையும் இருப்பதாகத் துரை கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஓடைப் பாலத்தைத் தாண்டிப் போனேன். பணிய லயத்து முதல் கதவில் பூட்டு. இரண்டாவதில் பூட்டு. வரிசை முழுக்கப் பூட்டு. இஸ்தோப்பில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தலையைக் கீழே வைத்துக்கொண்டது, குரைக்கவில்லை. “யாராச்சும் இருக்கீங்களா?” என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கதவில் காதை வைத்தேன். உள்ளே மூச்சுச் சத்தம். மெதுவாக, கனமாக, குறட்டை மாதிரி. அடுத்த கதவிலும் காதை வைத்தேன். அதே மூச்சு. பூட்டின வீடுகளுக்குள் பிள்ளைகள் மட்டும் படுத்திருக்கின்றன! கதவைப் பட்பட்டென்று தட்டினேன், கத்தினேன். ஒன்றுகூட விழிக்கவில்லை.

செவனம்மாவின் கதவில் காதை வைத்தேன். ஒரு மூச்சு கேட்டது. அடுத்தது வரவில்லை. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பதினெட்டு எண்ணின பிறகு இன்னொரு மூச்சு வந்தது.

இஸ்தோப்பு மூலையில் கிடந்த அம்மிக் குழவியைத் தூக்கிப் பூட்டைப் போட்டு அடித்தேன். பூவாயி சாக்கில் படுத்திருந்தாள். இடுப்பில் துணி கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்திருந்தார்கள், உருண்டு அடுப்புப் பக்கம் போகாமல் இருக்க. உதடு நாவல்பழ நிறம். தலைமாட்டில் மருந்துச் சாலைப் போத்தல், மூன்று முறை கழுவி ஊற்றுகிற போத்தல், கபில நிற இருமல் மருந்து. பெரியவர்கள் குடிக்கிறது, அவர்களையே தூங்க வைக்கிறது. அப்போதுதான் எனக்குச் செவ்வாய்க்கிழமை சாயந்தர வரிசை ஞாபகம் வந்தது. மருந்துச் சாலை வாசலில் பெண்களெல்லாம் போத்தலோடு நின்று இருமுவார்கள். “செவ்வாக்கெழம மட்டும் வருதாடி ஒங்களுக்கு இருமல்?” என்று நானே கேலி பண்ணியிருக்கிறேன். சனிக்கிழமை கொடுப்பது ஞாயிற்றுக்கிழமைக்குள் தெளிந்துவிடும். புதன்கிழமை கொடுப்பதுதான் வியாழன் காலையில் என் தொட்டிலுக்கு வந்து சேரும்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்துச் சாலைக்கு ஓடினேன். மருந்தையா கண்ணிமையைப் பிரித்துப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். அவர் முகத்தில் இரத்தம் இல்லை.

“படுக்க விடாதையும். தூக்கிப் பிடியும். உள்ளங்காலிலை சுண்டும், விடாமல் சுண்டும். அழ வேணும். அழுதால் மூச்சு வரும்.”

“மத்த புள்ளைகளும் இருக்குங்கய்யா. எல்லாம் பூட்டிக் கெடக்கு.”

அவர் குடையைக்கூட எடுக்காமல் பனிக்குள் ஓடினார். அந்த மனுஷன் ஓடி நான் பார்த்ததே இல்லை. பூட்டுகளை உடைத்து ஒவ்வொரு பிள்ளையாகத் தோளில் போட்டு மடுவத்துக்குக் கொண்டுவந்தார். தொட்டிலில் துணி இல்லை, ஈரமாகக் கொடியில் தொங்குகிறது. தரையில் சாக்கு விரித்து வரிசையாகக் கிடத்தினோம். பதின்மூன்று பிள்ளைகள், சத்தமில்லாமல். அவர் ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டே போவார், முனகல் வந்தால் அடுத்ததற்குப் போவார். நான் பூவாயியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே உள்ளங்காலில் சுண்டினேன். சுண்டினால் ஒரு மூச்சு வரும். நின்றுவிடும். மறுபடி சுண்டினால் இன்னொன்று வரும். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் தோட்டத்து லொறி ஓட்டுகிறவரும் இல்லை. எல்லோரும் போன இடத்துக்கு அவரும் போயிருந்தார்.

போன இடம் எது என்று பிறகு தாய்மார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நுவரெலியாப் பக்கத்தில் கோவா என்கிற முட்டைக்கோசும் கிழங்கும் போடுகிற ஒரு முதலாளி புதன், சனி விடியுமுன்னே கீழ் ரோட்டில் லொறி நிறுத்துவாராம். வயசானவர்கள், நடக்கிற பிள்ளைகள் வரை ஏறலாம். கைப்பிள்ளைகளை மட்டும் ஏற்ற விடமாட்டார். பால் கொடுக்கிறேன் என்று பெண்கள் உட்கார்ந்துவிடுவார்களாம். வெளியில் வேலை செய்தது தெரிந்தால் துரை பத்துச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார். பிரஜாவுரிமையும் இல்லாத சனம் எங்கே போகும்? அதனால்தான் எனக்கும் ஒளித்தார்கள். நான் துரையின் ஆளாம்.

மூன்று மணிக்குப் பிறகு நான் சுண்டினபோது மூச்சு வரவில்லை. மறுபடி சுண்டினேன். மருந்தையா என் கையைப் பிடித்து நிறுத்துகிற வரைக்கும் சுண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

“எல்லாருக்கும் நான்தான் குடுத்தனான், ராமாயி,” என்றார். “அளந்து அளந்து குடுத்தனான்.” கோட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பொழுது சாயும்போது கீழ் ரோட்டிலிருந்து பேச்சுச் சத்தம் ஏறி வந்தது. முதலில் சிரிப்பு. பிறகு உடைந்த பூட்டுகளையும் வெறும் காம்பராக்களையும் பார்த்திருப்பார்கள். அந்த அலறலை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். பனிக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாக ஓடி வந்து தன் பிள்ளையைத் தரையிலிருந்து அள்ளினாள். செவனம்மா கடைசியாக வந்தாள். மடியில் கோவா இலை கட்டியிருந்தாள். நான் தூக்கி வைத்திருந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை.

“நேத்து ராத்திரி பூரா புள்ளைக்குச் சளி. அதனால கூட ஒரு மூடி குடுத்தேன்,” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “இன்னைக்கிப் பால்மணி அடிச்சீங்களா அக்கா?”

“ஏன்டி?”

“கோவாத் தோட்டத்துல நிக்கிறேன். மணி கேட்ட மாதிரி இருந்துச்சு. அஞ்சு அடி. மார்ல பால் கட்டிக் கொட்டுது. முதலாளிகிட்ட எத்தன மணின்னு கேட்டேன், பத்துன்னாரு.”

அந்தத் தோட்டத்துக்கும் எங்கள் மடுவத்துக்கும் நடுவில் எட்டு மைல், மூன்று மலை. இன்றைக்கு வரை எனக்கு இதற்குப் பதில் தெரியாது. பழக்கத்தில் பால் சுரந்திருக்கும் என்று மருந்தையா சொன்னார். இருக்கலாம். அஞ்சு அடி என்று அவள் சொன்னதும் மற்ற நாளில் கேட்ட பழக்கம்தான் என்றும் சொன்னார். அதுவும் இருக்கலாம்.

மறுநாள் துரைக்குக் கொடுக்கிற தாளில் மருந்தையா ‘சளிக்காய்ச்சல்’ என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளதை எழுதினால் இருபத்துநாலு குடும்பத்துக்கும் பத்துச்சீட்டு. கண்டதை எழுது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் காணாததை எழுதினார். எழுத்துக் கோணியிருந்தது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என்னுடைய ‘நல்ல அமைதி’ ஏற்கெனவே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்று மாதத்துக்கு என்று சொன்ன நாலு நாள் வேலை ஒன்றரை வருஷம் நீண்டது. தேயிலை விலைதான் காரணம் என்றார்கள். என் கையெழுத்தும் அந்தக் கட்டில் எங்கோ இருந்தது.

அடுத்த புதன்கிழமை விடியுமுன்னே மடுவத்தைத் திறந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. சாவி ஒன்று ஆபீஸில், இன்னொன்று என் முந்தானையில். தாய்மார் இருட்டோடு வந்து பிள்ளையைக் கொடுத்துவிட்டு லொறிக்குப் போனார்கள். சனிக்கிழமையும் அப்படியே. கதவையும் ஜன்னலையும் சாத்தி வைத்துக்கொண்டேன். மருந்தையா குடையை விரிக்காமல் மடக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். குடைக்குள் பால்மா டின் இருக்கும். ரிஜிஸ்தரில் அந்த நாட்களுக்கு ஒரு வரியும் கிடையாது.

மருந்து கொடுக்காத பிள்ளை சும்மா இருக்குமா? கத்தித் தீர்த்தன. ஒரு நாள் துரைக்கு உதவியாக இருந்த சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வந்தவர் நிறுத்தி, பூட்டின மடுவத்தில் என்ன சத்தம் என்று கங்காணியைக் கேட்டார். கங்காணியின் பேத்தியும் உள்ளேதான் கத்திக்கொண்டிருந்தாள். “பேய்ங்க தொரை,” என்றார் அவர், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு. “போன மாசம் ஒரு புள்ள செத்துச்சுல்ல. புதனும் சனியும் அழுகுதுங்க.” சின்னத்துரை சிரித்தார். ஆனால் வண்டியை விட்டு இறங்கவில்லை. பிறகு அந்தப் பாதையாகவே அவர் வரவில்லை. கமலா கேட்ட பேய் இதுதான்.

செவனம்மா லொறிக்குப் போகவில்லை. இரண்டாவது புதன்கிழமை வெறுங்கையோடு வந்து மடுவத்துக்குள் உட்கார்ந்தாள். ஒன்பதாம் நம்பர் தொட்டிலை நான் அவிழ்க்கப் போனேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அது வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும், மற்றத் தொட்டிலை ஆட்டினால் அதுவும் கூடவே ஆடும். அவளுக்குப் பால் வற்றவில்லை. பத்து மணியானால் நான் தண்டவாளத்தை அடிக்க முடியாது, சத்தம் வெளியே போகும். ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். எந்தப் பிள்ளை முதலில் அழுகிறதோ அதை எடுத்து மாரில் போட்டுக்கொள்வாள். ஏதாவது ஒரு பிள்ளை அதிக நேரம் தூங்கினால் அவளுக்குப் பொறுக்காது. உள்ளங்காலில் சுண்டி, “அழு சாமி, அழு” என்பாள். அவளைப் பார்த்துத்தான் எனக்கும் அந்தப் பழக்கம் வந்தது. ஆறு நாள் வேலை திரும்ப வந்த பிறகும் வியாழக்கிழமைகளில் என் விரல் தானாகப் போகும். என்னை விரட்டின பயம் வேலை நாள் திரும்பினதோடு போய்விடுமா?

கமலா எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தச் சாவியை எடுத்தேன். வேலையிலிருந்து நின்றபோது ஆபீஸில் ஒப்படைக்க வேண்டியது. ஒப்படைக்கவில்லை.

“தொரை கேட்டா என்ன அக்கா சொல்றது?”

“பேய்ன்னு சொல்லு. பழைய பேய்தான், புதுசு இல்லன்னு சொல்லு.”

வாங்கிக்கொண்டு போனாள். திறப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குத் தாய் அவள். வேலை போனால் அவளுக்கும் காம்பரா போகும்.

நேற்றுத்தான் வேலை இல்லாத முதல் புதன்கிழமை. நான் இப்போது பணிய லயத்தில் செவனம்மாவின் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் இருக்கிறேன். காலையிலேயே பனி இறங்கிவிட்டது. லயத்துக் கதவுகளில் பூட்டுகள். அதே வரிசை. இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தேன். செவனம்மா தன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் மடுவம் தெரியவில்லை, வெள்ளையாகப் பனி மட்டும். ஒன்பதரை இருக்கும், ஒரு சத்தமும் இல்லை. நேரம் போனது. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்றால் கால் வரவில்லை. நான் மறுபடியும் அந்தக் கதவில் காதை வைத்துக்கொண்டு எண்ணுகிற மாதிரியே இருந்தது.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு பிள்ளை வீல் என்று கத்தியது. அதைத் தொடர்ந்து இன்னொன்று.

செவனம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“அழுதுருச்சு அக்கா,” என்றாள். ஓடைப் பாலத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.